சேனாபதி வளர்கிறது

வான்மதி தன் புருஷன் பேரை வாயால் சொன்னதே இல்லை. பெருந்துறைப் பக்கத்துப் பெண். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள். பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவள்; இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் நம்பாத ஒன்றைச் சோதித்துப் பார்க்கிற அளவுக்குத் துணிச்சலும் இல்லை. 'ஏனுங்க' என்று கூப்பிட்டால் மனுஷன் திரும்பப் போகிறார், இதில் பேர் எதற்கு?

ஊரில் இருந்தவரை இது ஒரு பிரச்சினையே இல்லை. ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் இறங்கிய நிமிஷத்திலிருந்து பிடித்தது சனியன். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னால் ஓர் இனிஷியல், பின்னால் ஒரு பேர், அவ்வளவுதான். அமெரிக்காக்காரன் விடுவானா? லாஸ்ட் நேம் எங்கே என்றான். அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த இடத்தில் புருஷன் பேரைப் போட்டிருந்தார்கள். ஆகவே அவள் வான்மதி சபரிநாதன். பேங்கில், பல் டாக்டரிடம், லைப்ரரியில், லைசென்ஸ் ஆபீசில், எங்கே போனாலும் முதல் கேள்வி லாஸ்ட் நேம் என்ன என்பதுதான். அதாவது, உன் புருஷன் பேரைச் சொல்லு என்று ஊரே கூடி அவளைக் கேட்டது.

அவள் மட்டும் லேசுப்பட்டவளா? எழுத்தெழுத்தாகச் சொல்லித் தப்பித்தாள். "எஸ் ஃபார் சுகர், ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பாய்" என்று கடைசி எழுத்துவரை போவாள். முழுப் பேர் மட்டும் வாயில் வராது. அதற்கும் பொறுமை இல்லாத நாளில் லைசென்ஸை எடுத்துக் கண்ணுக்கு நேரே நீட்டிவிடுவாள். பக்கத்தில் நிற்கும் சபரிநாதனுக்குச் சிரிப்பு தாங்காது.

"ஏனம்மிணி, கறிக்கடைக்காரனாட்டம் என்னயக் கூறு போட்டு விக்கறயே. முழுசாக் குடுத்தா வாங்க மாட்டாங்களா?" என்பார்.

அவருடைய லாஸ்ட் நேம் வேறு. ஊரில் எஸ். சபரிநாதன், எஸ் என்றால் அப்பா பேரான சேனாபதி. அதனால் இங்கே அவர் சபரிநாதன் சேனாபதி. மகள் யாமினி, யாமினி சபரிநாதன். ஒரே வீட்டில் மூன்று பேர், இரண்டு குடும்பப் பெயர்கள். உங்களுக்குச் சட்டப்படி கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று ஓர் அபார்ட்மெண்ட் மேனேஜர் அம்மாள் கேட்டுவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லியே சபரிநாதன் ஒரு வருஷம் சிரித்தார். மாமனார் பேரையும் வான்மதி சொல்ல மாட்டாள். மாமியார் ராமாத்தாளே அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, மருமகள் சொல்லிவிடுவாளா?

இப்படித் தன் பேரில் பாதியை வாயில் போடாமலேயே அவள் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் குடித்தனம் நடத்தினாள், கிரீன் கார்டு வாங்கினாள், டேகேர் ஒன்றில் வேலைக்கும் சேர்ந்தாள். அப்புறம் சபரிநாதன் இறந்துபோனார்.

தொண்ணூற்றெட்டு ஜூலை. பியர்லேண்ட் கோயிலில் யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் மழையில் ஊறிக்கிடந்த மண்ணை வெறுங்கையால் தோண்டினார். கையில் ஏற்கெனவே ஒரு கீறல். சர்க்கரை வேறு. கிளவுஸ் போட்டுக்குங்க என்று வான்மதி சொன்னதற்கு, குடியானவன் மகனுக்கு கிளவுஸா என்று கேட்டுவிட்டுக் குழியைப் பாதி தோண்டினார். மீதியை மறுநாள் தோண்டலாம் என்று விட்டார். மறுநாள் காய்ச்சல். அந்த வாரம் முடியும் முன் ஐ.சி.யூ. என்ன கிருமி என்று யாருக்கும் பிடிபடவில்லை. எந்த மருந்தும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நோயாளியின் தலைமாட்டில் லாஸ்ட் நேம்தான் பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்து நர்ஸ் குனிந்து, "மிஸ்டர் சேனாபதி! கண்ணைத் திறங்க, மிஸ்டர் சேனாபதி!" என்று சத்தம் போடுவாள். ஒவ்வொரு தடவையும் வான்மதிக்குத் தூக்கிவாரிப் போடும். ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும் மாமனாரை இங்கே எதற்குக் கூப்பிடுகிறாள்? ஒரு நாள் அந்த நர்ஸ் அவள் தோளைத் தொட்டு, "நீங்க கூப்பிடுங்க. காது கடைசிவரைக்கும் கேட்கும். சொந்தக் குரல் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிலர் திரும்பி வந்திருக்காங்க," என்றாள்.

வான்மதி காதருகே குனிந்தாள். 'ஏனுங்க' என்றுதான் வந்தது. பேர் நாக்கு நுனிவரை வரும். ஆயுசு குறையும் என்ற அம்மாவின் குரலும் கூடவே வரும். மிச்சமிருந்ததே ஒரு பிடி ஆயுசு. அதிலும் கை வைப்பதா? ஏனுங்க, ஏனுங்க, ஏனுங்க என்று நாள் முழுக்கக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

இதுதான் அவளுக்குச் செரிக்கவில்லை. சாவு எல்லோருக்கும் வருவது, சரி. ஆனால் அந்த அறையில் ஒருவர்கூட அந்த மனுஷனை அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லையே. வந்தவர் போனவர் எல்லோரும் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டார்கள், கட்டினவள் எந்தப் பேரும் சொல்லாமல் கூப்பிட்டாள். யாராவது தன்னைக் கூப்பிடுவார்கள் என்று அவர் காத்துக்கொண்டே கிடந்திருப்பாரோ? இந்த நினைப்பு வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு மண்வாசனை வர ஆரம்பித்தது. பின்பக்கத்துக் கதவைப் பூட்டித் திரையை இழுத்து விட்டிருந்தாள். பாதிக் குழி அப்படியே கிடந்தது. கன்று பிளாஸ்டிக் தொட்டியிலேயே காய்ந்துபோனது. அப்படியும், பக்கத்து வீட்டு ஸ்பிரிங்க்ளர் ஓய்ந்த நேரத்தில் ஹால் முழுக்க மழை பெய்த மண்ணின் வாசனை. அவர் கை கழுவாமல் உள்ளே வந்து நிற்கிறார் என்று ஒரு நொடி தோன்றும். யாமினியைக் கேட்டால், "ஐ டோன்ட் ஸ்மெல் எனிதிங், மாம்," என்பாள்.

ஃபோன் தொல்லை தனி. புதிதாக வந்தபோது, லைசென்ஸுக்கு முகவரிச் சான்று வேண்டுமென்று சபரிநாதன் ஃபோனை அவள் பேரில் வாங்கியிருந்தார். அதனால் சாயங்காலம் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, கார்பெட் கழுவுகிறவனும் லாங் டிஸ்டன்ஸ் ஃபோன் திட்டம் விற்கிறவனும் டயல் பண்ணி, "மிஸ்டர் சபா... சபாரி... நேத்தன்?" என்று தடுமாறுவார்கள். வாயில் நுழையாத பேரை வைத்துக்கொண்டு அவர்கள் படுகிற பாடு முன்பெல்லாம் வேடிக்கையாக இருந்தது. இப்போது ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு வான்மதி பெட்ரூம் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். பேர் சொல்லி யாரோ கூப்பிட்டுவிட்டார்கள், இதோ வந்துவிடுவார். யாரும் வர மாட்டார்கள். யாமினி எழுந்து வந்து ஃபோனை வாங்கி வைத்துவிடுவாள்.

அடுத்த வருஷம் அக்டோபரில் டாக்டர் ட்ரெவினோ என்ற அம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். தொற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவர். "உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிற ஒரு செய்தி இருக்கிறது, நேரில் வர முடியுமா?" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து என்ன நல்ல செய்தி வந்துவிடப் போகிறது என்றுதான் வான்மதி நினைத்தாள். டேகேரில் லீவு சொல்லிவிட்டு ஃபிஃப்டி நைன் ஃப்ரீவேயில் காரை விட்டாள்.

டாக்டரின் அறை சின்னது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மேக்னோலியா மரம். ட்ரெவினோ தலை நரைத்த, கலகலப்பான பெண்மணி. சுற்றி வளைக்கவில்லை.

"உங்கள் கணவரின் ரத்தத்தில் இருந்த பாக்டீரியா இதுவரை யாரும் பார்க்காதது. மண்ணில் வாழ்கிற புது இனம். அதற்குப் பேர் வைக்க வேண்டியது நாங்கள்தான்," என்றார்.

"பேரா?"

"ஆமாம். எங்கள் தொழிலில் அது ஒரு வழக்கம். ஒருவரின் குடும்பப் பெயரை எடுத்து, அதற்கு லத்தீன் வால் ஒன்று வைத்துவிடுவோம். சால்மன் என்று ஒரு மாட்டு டாக்டர் இருந்தார், அவர் பேரில்தான் பேதிக் கிருமி சால்மொனெல்லா. லிஸ்டர் என்ற சர்ஜன் பேரில் லிஸ்டீரியா. இதோ, இந்த மரம்கூட மன்யோல் என்ற பிரெஞ்சுக்காரர். ஆம்பிளைப் பேராக இருந்தாலும் லத்தீனில் பெண்ணாக்கிவிடுவோம், அது விதி." டாக்டருக்குப் பேச்சு பிடித்துக்கொண்டது. "ரிக்கெட்ஸ் என்று ஒருவர் டைஃபஸ் காய்ச்சலை ஆராயப் போய் அதிலேயே செத்தார். ப்ரோவாசெக் என்று இன்னொருவர், அவரும் அப்படியே. அந்தக் கிருமிக்கு முன் பேர் ரிக்கெட்சியா, பின் பேர் ப்ரோவாசெக்கி. இரண்டு பேரையும் கொன்றது இரண்டு பேருடைய பேரையும் சுமந்துகொண்டு இருக்கிறது."

வான்மதி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தன் பேர் பூவுக்குப் போயிருக்கிறது, ஒருத்தன் பேர் பேதிக்குப் போயிருக்கிறது. எல்லாம் அவனவன் தலையெழுத்து.

"வழக்கமாகக் கண்டுபிடித்தவர் பேரைத்தான் வைப்பார்கள்," என்றார் டாக்டர். "ஆனால் நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்? உயிரைக் கொடுத்தவர் உங்கள் கணவர். அவர் குடும்பப் பெயரையே வைக்க ஆசைப்படுகிறேன். சேனாபதெல்லா. எப்படி இருக்கிறது?"

வான்மதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். டாக்டர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, கையைப் பிடித்துப் பக்கத்து லேபுக்குக் கூட்டிப் போனார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டைலர் என்ற இளைஞன் முகமூடி போட்டுக்கொண்டு, கிருமி வளர்க்கும் வட்டத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தது யார் என்று தெரியாமல், "டாக்டர், சேனாபதி இன்னைக்கு அமோகமாக வளர்ந்திருக்கிறது!" என்று உற்சாகமாகச் சொன்னான். "ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் எப்பவும் ரெண்டு நாள் அடம் பிடிக்குமே, இந்தத் தடவை உடனே எழுந்துவிட்டது."

டாக்டர் வான்மதியை அறிமுகம் செய்ததும் அவன் முகமூடிக்கு மேலே காது வரைக்கும் சிவந்தான். தட்டில் வெளிறிய, சுருக்கம் விழுந்த புள்ளிகள். மூடியில் கறுப்பு மையில் SENAPATHI என்று பெரிதாக எழுதியிருந்தது.

"மூடியைத் திறந்தாலே மழை பெய்த மண் மாதிரி வாசனை வரும்," என்றார் டாக்டர்.

அது எனக்குத் தெரியும் என்று வான்மதிக்கு நாக்குவரை வந்தது. "இது எத்தனை நாள் உயிரோட இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

"நம் காலத்துக்கு அப்புறமும் இருக்கும். ஜெர்மனிக்கு ஒன்று அனுப்பப் போகிறோம், ஜப்பானுக்கு ஒன்று. யார் கேட்டாலும் எடுத்து வளர்த்துக்கொள்ளலாம்." ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அந்த அம்மாள் சொன்னார். "வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்புகிறோம். உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை."

அவரை எரித்து, சாம்பலைப் பவானி கூடுதுறையில் கரைத்தாயிற்று. அவரைக் கொன்றது மட்டும் இங்கே ஃப்ரீசருக்குள் சாகாமல் இருக்கிறது, அதுவும் மாமனார் பேரில். வான்மதி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். பார்க்கிங்கில் வண்டியைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

யாமினிக்குப் பதினொரு வயது. விஷயத்தைக் கேட்டதும் கண்ணை அகல விரித்தாள். "டாட்ஸ் நேம்? இன் புக்ஸ்? தட்ஸ் சோ கூல், மாம்!"

"நோய்க்கு வெக்கற பேரு கண்ணு அது. கூல்னு சொல்றே."

அதனால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள் யாமினி. ஜூலை என்பதே ஜூலியஸ் என்ற ரோமானியக் குடும்பத்தின் பேராம், ஸ்கூலில் சொன்னார்களாம். இரண்டாயிரம் வருஷம் ஆகியும் எல்லோரும் தினமும் அந்தப் பேரைச் சொல்கிறார்களாம். "அப்பா செத்ததே ஒரு செத்த ஆளோட மாசத்துலதான். அந்த ஆள மட்டும் எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐ கான்ட் ரிமெம்பர் ஹிஸ் வாய்ஸ், மாம்," என்றாள்.

வான்மதி அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அது அப்பா பேரில்ல சாமி. உங்க தாத்தா பேரு."

"ஸோ? இட்ஸ் ஹிஸ் லாஸ்ட் நேம்."

இங்கேயே பிறந்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அவளை என்ன சொல்ல?

தாத்தா பேர் பேரனுக்கு என்பது ஊர் வழக்கம். யாமினி பிறந்தபோதே சேனாபதி, அடுத்தது பையன்தான், பேர் தயாராக இருக்கிறது என்று ஃபோனில் சொல்லிச் சிரித்தவர். அந்தப் பையன் பிறக்கவே இல்லை. இனிமேல் பிறக்கப் போவதும் இல்லை. வாங்க ஆளில்லாமல் கிடந்த அந்தப் பேரைத்தான் இப்போது ஒரு கிருமி வாங்கிக்கொள்ளப் போகிறது. இதை அவரிடம் சொல்லாமல் இருப்பதா? நாளைக்கு யாராவது சொல்லித் தெரிந்தால்? மறுநாள் காலிங் கார்டு வாங்கிவந்து பெருந்துறைக்கு டயல் பண்ணினாள். மாமனார் பேரைச் சொல்லாமலே, தட்டுத்தடுமாறி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் தோட்டத்து மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"வெக்கட்டும் அம்மிணி," என்றார் சேனாபதி.

"மாமா!"

"வெக்கட்டுங்கறேன். அவன் தோட்டத்தப் பாத்துக்கறேன்னுதான் சொன்னான். இந்த மண்ணக் கட்டி அழுவாதே, மண்ணுல கை வெக்காத பொழப்பாப் பாரு, அமெரிக்கா போடான்னு முடுக்குனவன் நானு. அங்க போயும் மண்ணுதான் அவனக் கொண்டுபோச்சு. கொன்னது நாந்தானே கண்ணு? அதுக்கு என்ற பேரே இருக்கட்டும். பொருத்தந்தான்."

"அப்படியெல்லாஞ் சொல்லாதீங் மாமா..."

"நீ அழுவாத. பாப்பா நல்லாருக்குதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஃபோனை வைத்துவிட்டார்.

வான்மதி சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் ஒருத்தி மட்டும்தான் இதைச் சுமந்துகொண்டு திரிகிறாள் என்று நினைத்திருந்தாள். பூமிக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் அதைவிடப் பெரிய மூட்டையை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை டேகேரில் ஒரு குழந்தையின் அம்மா லீவு சொல்லக் கூப்பிட்டாள். ஏதோ ஹோட்டலில் சாப்பிட்டார்களாம், குடும்பத்துக்கே சால்மொனெல்லா. "சால்மொனெல்லா நாசமாகப் போக," என்று அவள் திட்டினாள். வான்மதிக்கு அந்த மாட்டு டாக்டர் ஞாபகம் வந்தது. சால்மன் வீட்டிலும் ஒரு மருமகள் இருந்திருப்பாள்தானே? இதைக் கேட்டுக்கொண்டு அவளும் எங்கேயோ நின்றிருப்பாளோ? அன்று பிள்ளைகளைக் கை கழுவ வரிசையில் நிறுத்தியபோது, கை கழுவாவிட்டால் சேனாபதி வரும் என்று ஏதோ ஓர் அம்மா எதிர்காலத்தில் சொல்வது அவள் காதில் அப்பட்டமாக விழுந்தது. வந்தால் பிழைக்க மாட்டாய், சேனாபதி கொன்றுவிடும். குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள். அந்த டேகேரிலும் மண்வாசனை அடித்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், யாமினியை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேரே மெடிக்கல் சென்டருக்குப் போனாள். அப்பாயின்ட்மென்ட் ஒன்றும் இல்லை. டாக்டர் ட்ரெவினோ லேப் வாசலில் டைலரோடு பேசிக்கொண்டு நின்றார். வான்மதியைப் பார்த்ததும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பேர் வேண்டாம்," என்றாள், மூச்சு வாங்க.

"ஏன்? மரியாதைக்காகத்தான் அதை..."

"அது அவர் பேர் இல்லை. அவருடைய அப்பா பேர். எங்கள் ஊரில் அப்படித்தான். அவர் உயிரோடு இருக்கிறார், வயதானவர். மகனைக் கொன்றது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்." வான்மதி தயார் பண்ணி வைத்திருந்த ஆங்கிலமெல்லாம் கலைந்துபோயிற்று, வந்ததைச் சொன்னாள். "நீங்கள் அந்தப் பேரை வைத்தால், நீங்களும் அதை ஒப்புக்கொண்டதாக ஆகும்."

டாக்டர் ட்ரெவினோ கலகலப்பெல்லாம் வடிந்து அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்படியென்றால் ஐ.சி.யூ.வில் நாங்கள் எல்லோரும்..."

"ஆமாம். எல்லோரும் அவர் அப்பாவைத்தான் கூப்பிட்டீர்கள்."

டாக்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "அவர் பேர் என்ன?" என்று கேட்டார். "நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள்."

டைலர் பேனாவை எடுத்தான். வான்மதியின் கை பழக்கதோஷத்தில் பர்சுக்குள் போய் லைசென்ஸைத் தேடியது. "எஸ் ஃபார் சுகர்," என்று ஆரம்பித்தாள். "ஏ ஃபார்..." என்று வந்து நின்றுவிட்டாள். பக்கத்தில் நின்று சிரிக்க ஆள் இல்லை. குறைவதற்கு ஆயுசும் இல்லை. இனிமேல் யாருக்காக இந்த மனுஷனைக் கூறு போட்டுக்கொண்டிருக்கிறாள்?

"சபரிநாதன்," என்றாள்.

அந்த அறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப வேண்டியவர் இல்லை. ஏ.சி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் இன்னொரு தடவை, தெளிவாக, "சபரிநாதன்," என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. அன்றைக்கு அந்தக் காதில் சொல்லியிருக்கலாமே, இவ்வளவு சுலபமாகத்தானே இருக்கிறது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

டாக்டர் அந்தப் பேரை மெதுவாகத் தானும் சொல்லிப் பார்த்தார். பிறகு தயங்கி, "அப்படியென்றால் அதையே வைக்கட்டுமா? அது அவருக்கே அவருக்கான பேர்," என்றார்.

"வேண்டாம்."

வான்மதி லைசென்ஸை எடுத்து அவர் கையில் வைத்தாள். "அது என் பேர். என் மகள் பேரும் அதுதான். நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்."

டாக்டர் லைசென்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆற்றுப் பேர், ஊர்ப் பேர், எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்," என்றாள் வான்மதி. "ஆறு கோபித்துக்கொள்ளாது."

ட்ரெவினோ தலையசைத்தார். டைலர் உள்ளே போனான். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, தட்டு மூடியிலிருந்த கறுப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான். எஸ் போயிற்று, இ போயிற்று. கடைசி எழுத்து போகும்வரை வான்மதி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் முதல் வேலையாகப் பெருந்துறைக்குக் கூப்பிட்டாள். அங்கே பொழுது விடிந்துகொண்டிருந்தது.

"ஆத்துப் பேரு வெக்கறாங்களாம் மாமா. உங்க பேர நான் குடுக்கல. அது உங்ககிட்டயேதான் இருக்குது."

சேனாபதி கனைத்துக்கொண்டார். "எந்த ஆறு?"

"இங்கதானுங்க, ஊரை ஒட்டிப் போகுது. பிராசோஸ்னு பேரு."

"தண்ணி ஓடுதா அதுல?"

"ஓடுதுங்க மாமா. நெறையா."

"அப்பச் செரி," என்றார் கிழவர். கூடவே, "நீ சாப்புடு போ கண்ணு," என்றார்.

யாமினிக்குத்தான் சமாதானமாகவில்லை. தட்டில் சோற்றை அளைந்துகொண்டு, இனிமேல் அப்பா பேரை யாருமே சொல்லப் போவதில்லை, இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வான்மதி பதில் சொல்ல வாயெடுக்கும்போது ஃபோன் அடித்தது. சாப்பாட்டு வேளை; வேறு யார்? யாமினி எழுந்து கையை நீட்டினாள். வான்மதி அவளைத் தடுத்துவிட்டுத் தானே எடுத்தாள்.

"ஹலோ, குட் ஈவினிங்! நான் கார்பெட் கிளீனிங்லேர்ந்து பேசறேன். இது மிஸ்... மிஸஸ்... சபா... சாரி, சாபரி..."

"சபரிநாதன்," என்றாள் வான்மதி. யாமினியின் ஸ்பூன் பாதியில் நின்றது. "யெஸ். சபரிநாதன்தான் பேசறேன்."

அந்தப் பையன் ஒரு கணம் திகைத்தான். அவன் கூப்பிட்ட வீடுகளில் இப்படி முழுசாகச் சொல்லிக்கொண்டு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். வான்மதி பெட்ரூம் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.